வாப்பாவின் லென்ஸ்

ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட லென்ஸ் ஒன்றை டிஜிட்டல் கெமராவில் பூட்டிப் படம் எடுக்கிறேன் என்று சொன்னால், கேட்பவர்கள் இரண்டு விதமாகப் பார்க்கிறார்கள். புது லென்ஸ் வாங்க வசதியில்லாமல் செய்கிற வேலை என்று ஒரு சாரார் நினைக்கிறார்கள். பழைய கண்ணாடியில் ஏதோ மந்திரம் இருப்பதாக இன்னொரு சாரார் நம்புகிறார்கள். முதலாமவர்கள் சொல்வது பெரும்பாலும் சரி. பாடசாலை ஆசிரியனாக இருந்து ஓய்வுபெற்றவனுக்கு இன்றைய விலையில் ஒரு நல்ல லென்ஸ் வாங்குவது நடக்கிற காரியமல்ல. இரண்டாமவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்த லென்ஸை நான் கையிலெடுப்பதற்கு வேறு காரணமும் உண்டு. அதைச் சொல்ல முன்னர் அந்தப் பொருளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

ஜப்பானின் அசாஹி கொம்பனி செய்த சுப்பர் டக்குமர் லென்ஸ் அது. குவியத் தூரம் 50 மில்லிமீற்றர். முழுதாகத் திறந்தால் துவாரத்தின் எண் 1.4. பெண்டக்ஸ் ஸ்பொட்மெட்டிக் என்ற கெமராவோடு சேர்ந்து எங்கள் வீட்டுக்கு வந்தது. எழுபதுகளின் நடுப்பகுதி வரை வெளிநாட்டுப் பொருள் ஒன்று இந்த நாட்டுக்குள் வருவது எவ்வளவு கஷ்டம் என்பதை என் வயதுக்காரர்கள் அறிவார்கள். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகுதான் கொழும்புக் கடைகளில் கெமராக்கள் கண்ணில் படத் தொடங்கின. வாப்பா அடுத்த வருடம் ஒருவர் பாவித்து விற்ற அந்தக் கெமராவை வாங்கி வந்தார். கல்முனைக்குத் தெற்கே, கடற்கரை வீதியில், ஓடு போட்ட ஒற்றை அறையில் அவருடைய ஸ்டூடியோ இருந்தது. அடையாள அட்டைக்கான படம், பாஸ்போர்ட் படம், பெருநாளுக்குப் புதுச்சட்டை போட்ட பிள்ளைகளின் படம் எல்லாவற்றையும் அந்த ஒரு லென்ஸால்தான் எடுத்தார்.

போத்தலுக்கு மூடியைத் திருகுவதுபோல் அந்த லென்ஸைக் கெமராவில் திருகிப் பூட்ட வேண்டும். புரியின் விட்டம் 42 மில்லிமீற்றர். அதனால் எம் 42 என்று பெயர். 1949இல் கிழக்கு ஜேர்மனியின் கொன்டக்ஸ், பிரக்டிகா கெமராக்களோடு இந்த முறை வந்தது. பிறகு சோவியத் நாட்டின் செனிட், ஜப்பானின் பெண்டக்ஸ் என்று பல கெமராக்கள் இதே புரியைப் பின்பற்றின. அரசியலில் ஒன்றோடொன்று சேராத நாடுகள் ஒரு திருகாணி விடயத்தில் ஒத்துப்போயிருக்கின்றன. மொஸ்கோவுக்குப் பக்கத்தில் செய்த லென்ஸை ஜப்பான் கெமராவில் பூட்டலாம். 1975இல் பெண்டக்ஸ் வேறு பூட்டுக்கு மாறியதோடு இந்தப் புரியின் காலம் மெல்ல மெல்ல முடிந்தது.

இப்படிப்பட்ட லென்ஸ் இன்றைய கெமராவில் எப்படி வேலை செய்கிறது என்று கேட்பார்கள். எல்லாம் தூரக் கணக்குத்தான். எந்த லென்ஸும் தனக்குப் பின்னால் குறிப்பிட்ட தூரத்தில்தான் தெளிவான பிம்பத்தை விழுத்தும். எம் 42 லென்ஸுகளைப் பொறுத்தவரை, பூட்டும் முகப்பிலிருந்து பிலிம் வரைக்கும் 45.46 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். நிக்கொன் கொம்பனியின் கண்ணாடி வைத்த பழைய வகைக் கெமராக்களில் இந்தத் தூரம் 46.5 மில்லிமீற்றர். ஒரு மில்லிமீற்றர்தான் வித்தியாசம். ஆனால் அந்த ஒரு மில்லிமீற்றரால் தூரத்துக் காட்சிகள் தெளிவாக விழாமல் போய்விடும். கெனன் கெமராவில் அது 44 மில்லிமீற்றர். ஒரு மெல்லிய வளையத்தை இடையில் வைத்தால் போதும்.

2008இற்குப் பிறகு, உள்ளே கண்ணாடி இல்லாத புதிய வகைக் கெமராக்கள் வந்தன. பார்வைக்காக ஒளியை மேலே திருப்புகிற கண்ணாடி எடுபட்டதும் கெமராவின் உடம்பு மெலிந்தது. என்னிடமுள்ள சோனி ஏ 6000 கெமராவில் முகப்புக்கும் சென்சருக்கும் இடைவெளி 18 மில்லிமீற்றர்தான். மிச்சமுள்ள இருபத்தேழரை மில்லிமீற்றரை வெறும் உலோகக் குழாய் ஒன்று நிரப்புகிறது. அடப்டர் என்று அதற்குப் பெயர். உள்ளே கண்ணாடி கிடையாது, மின்கம்பி கிடையாது. வெளிநாட்டிலிருந்து தபாலில் வந்த அந்தக் குழாயின் விலை இரண்டு கிலோ மாட்டிறைச்சியின் விலைக்கு மேல் போகவில்லை.

மின்கம்பி இல்லாதபடியால் தன் முகப்பில் எந்த லென்ஸ் பூட்டியிருக்கிறது என்று கெமராவுக்குத் தெரியாது. லென்ஸே இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கும். லென்ஸ் இல்லாவிட்டாலும் படம் எடு என்று மெனுவுக்குள் போய் ஒருமுறை கட்டளையிட வேண்டும். இல்லையென்றால் பொத்தானை அமர்த்தினாலும் அது அசையாது. படத்தோடு பதிவாகும் விபரங்களில் திகதி இருக்கும், நேரம் இருக்கும், லென்ஸின் பெயரும் துவாரத்தின் அளவும் இருக்காது. எந்தத் துவாரத்தில் எடுத்தேன் என்பதைக் கொப்பியில் குறித்து வைத்தால்தான் உண்டு.

போகஸ் செய்வதும் கையால்தான். முதலில் துவாரத்தை 1.4 வரைக்கும் முழுதாகத் திறக்கிறேன். திரையில் முகத்தைப் பெருப்பித்துப் பார்க்கிறேன். கெமராவுக்குக் கிட்ட இருக்கிற கண்ணின் இமைமயிர் தெளியும் வரைக்கும் வளையத்தைத் திருப்புகிறேன். பிறகு துவாரத்தை 2.8க்கோ 4க்கோ ஒடுக்கிக்கொண்டு பொத்தானை அமர்த்துகிறேன். லென்ஸின் பக்கவாட்டில் ஒரு சிறிய சாவி இருக்கிறது. அது கைமுறைப் பக்கம் தள்ளப்பட்டிருந்தால்தான் வளையத்தைத் திருப்பும்போது உள்ளிருக்கும் இதழ்கள் மூடும். தெளிவான விளிம்புகளை நிறத்தால் காட்டித்தருகிற வசதியும் இந்தக் கெமராவில் உண்டு. என் கண்களுக்கு இப்போது கிட்டத்து எழுத்துத் தெரிவதில்லை. வாப்பாவின் கெமராத் துளையூடாகப் பார்த்து இந்த வயதில் என்னால் போகஸ் செய்ய முடியாது. பழைய லென்ஸுக்குப் புதுக்கெமரா செய்யும் பெரிய உபகாரம் இதுதான்.

இனி லென்ஸின் குறைகளைச் சொல்ல வேண்டும். முன்னாலிருந்து வெயில் பட்டால் படம் வெளிறிப்போகும். இன்றைய லென்ஸுகளில் இருக்கிற பூச்சு இதில் இல்லை. முழுதாகத் திறந்து எடுத்தால் ஓரங்கள் மங்கும். என்னுடைய கெமராவின் சென்சர் பிலிமை விடச் சிறியது என்பதால் பார்வைக் கோணமும் சுருங்கி, பழைய கணக்கில் 75 மில்லிமீற்றர் லென்ஸ்போல் ஆகிவிடுகிறது. ஓர் அறைக்குள் பத்துப் பேரை நிறுத்திப் படமெடுக்கச் சரிவராது. ஒரு முகத்தை எடுக்க நல்லது.

பெரிய குறை ஒன்று இருந்தது. 2016இல் வளைகுடாவிலிருந்து வந்த என் தம்பி அந்தச் சோனி கெமராவைத் தந்தபோது, வாப்பாவின் லென்ஸை வெளியே எடுத்து ஒரு வெள்ளைத் தாளின்மேல் வைத்துப் பார்த்தேன். கண்ணாடி தேயிலைச் சாயம்போல் மஞ்சளாக இருந்தது. அறுபதுகளில் செய்யப்பட்ட சில லென்ஸுகளில், முறிவுச் சுட்டியைக் கூட்டுவதற்காகக் கண்ணாடியோடு தோரியம் ஒட்சைட்டு கலந்தார்கள். தோரியம் மெல்லிய கதிர்த்தொழிற்பாடு உள்ள மூலகம். அதன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 1,400 கோடி வருடம். அந்தக் கதிர்வீச்சு தன்னைச் சுமந்திருக்கும் கண்ணாடியையே வருடக்கணக்கில் சிறிது சிறிதாகப் பழுப்பாக்குகிறது. படமெடுக்கப் பாவிப்பதால் பயப்படும்படி ஒன்றுமில்லை. உடைத்துத் தூளாக்கக்கூடாது, கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டிருக்கக்கூடாது. அவ்வளவுதான்.

இதற்கு மருந்து வெயில். கழியூதாக் கதிர் பட்டால் அந்த மஞ்சள் கரையும். லென்ஸின் பின்பக்கத்தில் அலுமினியத் தாளைச் சுற்றி, முன்பக்கத்தை வானம் பார்க்க வைத்தேன். பின்பக்கத்தை மறைக்காமல் விட்டால் பூதக்கண்ணாடிபோல் வெயிலைக் குவித்துக் கீழே இருப்பதைச் சுட்டுவிடும். மூன்று கிழமை காலை வெயிலில் வைத்து எடுத்ததும் மஞ்சளில் பெரும்பகுதி போய்விட்டது.

அந்த மாதத்தில்தான் உம்மாவுக்கு வெண்புரைச் சத்திரசிகிச்சையும் நடந்தது. வயது போகப் போக மனிதக் கண்ணின் வில்லையும் இப்படித்தான் மஞ்சளாகிறது. நீல நிறத்தை உள்ளே விடாமல் தடுக்கிறது. கட்டு அவிழ்த்த மறுநாள், கொடியில் கிடந்த தன்னுடைய சேலையைப் பார்த்து உம்மா கேட்டார்: “இது நீலமா மனே? நான் கறுப்பெண்டெல்லோ இவ்வளவு நாளும் உடுத்திருந்தன்.” நான் லென்ஸின் கதையைச் சொன்னேன். “அப்ப உங்கட வாப்பாட கண்ணாடிக்கும் வெள்ளை படர்ந்துதான் இருந்திருக்கி” என்று சிரித்தார்.

மஞ்சளை வெயில் தீர்த்தது. பூஞ்சணம் பிடித்திருந்தால் தீர்ந்திருக்காது. எங்கள் கரையோரக் காற்றில் ஈரமும் உப்பும் எப்போதும் இருக்கின்றன. மூடிவைத்த லென்ஸுக்குள் பூஞ்சணம் சிலந்தி வலைபோல் படரும். அது கக்குகிற அமிலம் கண்ணாடியின் பூச்சை அரித்துவிட்டால் பிறகு எவ்வளவு துடைத்தாலும் தடம் போகாது. இப்போது ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொட்டலங்கள் கிடைக்கின்றன. வாப்பாவிடம் இருந்தது ஒரு பிஸ்கட் தகரமும் சீலைத்துண்டில் முடிந்த வறுத்த அரிசியும். எங்கள் பக்கத்துக்கு மழை கார்த்திகை, மார்கழியில்தான். அந்த மாதங்களில் ஸ்டூடியோ ஈரத்தில் ஊறிக் கிடக்கும் என்பதால், கடை பூட்டும்போது கெமராவிலிருந்து லென்ஸைக் கழற்றித் தகரத்தில் போட்டு, பிரதான வீதிக்கு மேற்கே இருக்கிற வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். அடுப்படித் தட்டில் வைப்பார்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை. போயா தினமும்கூட. வாப்பா கடை திறக்கப் போகவில்லை. லென்ஸ் அடுப்படித் தட்டில் இருந்தது.

கடற்கரை வீதியில் ஸ்டூடியோ இருந்த இடத்தில் சீமெந்துத் தரை மட்டும் மிஞ்சியது. கெமராவின் உடம்பு போனது. நெகட்டிவ்கள் போயின. இருபத்தாறு வருடத்து நெகட்டிவ்கள்; வருடம் போட்டு, இலக்கம் போட்டு, கடித உறைகளில் இட்டு, மரப்பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தார். யாராவது வந்து “பத்து வருஷத்துக்கு முந்தி எடுத்த படம்” என்றால், கொப்பியைப் புரட்டிக் கால் மணித்தியாலத்தில் எடுத்துக் கொடுப்பார்.

மய்யித்துகளை அடக்கி முடிந்து ஒரு மாதம் சென்றிருக்கும். ஒவ்வொருவராக வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், மனைவியைப் பறிகொடுத்தவர்கள். அவர்களுடைய வீடுகளோடு அல்பங்களும் போய்விட்டிருந்தன. போன பெருநாளைக்கு எடுத்த படம் இருக்கிறதா, முதலாம் வகுப்பில் சேர்க்க எடுத்த படம் இருக்கிறதா என்று கேட்டார்கள். ஸ்டூடியோ இருந்த இடத்தை அவர்களும் கண்டிருந்தார்கள். இருந்தும் வந்தார்கள். வாப்பா அவர்களை விறாந்தையில் இருத்தித் தேத்தண்ணி கொடுக்கச் சொல்வார். பிறகு ஒன்றும் சொல்லாமல் இருப்பார். ஒரு மனிதர் மூன்று தடவை வந்தார். மூன்றாவது தடவை படத்தைக் கேட்கவில்லை. தன்னுடைய மகள் அன்றைக்கு எந்த நிறச் சட்டை போட்டிருந்தாள் என்று ஞாபகமிருக்கிறதா என்று கேட்டார். வாப்பாவுக்கு ஞாபகமிருந்தது. சொன்னார்.

அதற்குப் பிறகு வாப்பா படம் எடுக்கவில்லை. உதவிக்கு வந்தவர்கள் புதுக்கெமரா தருவதாகச் சொன்னபோதும் வேண்டாமென்றுவிட்டார். 2011இல் அவர் மௌத்தானபோது லென்ஸ் அதே தகரத்தில் அரிசியோடு இருந்தது. அரிசியை மட்டும் மழைகாலம் தோறும் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

ஆகவே, பழைய லென்ஸுக்கு ஓர் ஆன்மா இருக்கிறது, அது பழைய முகங்களை ஞாபகம் வைத்திருக்கிறது என்றெல்லாம் யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வருகிறது. எங்கள் ஊரில் எத்தனையோ பிள்ளைகளின் முகம் அந்தக் கண்ணாடியூடாகப் போயிருக்கிறது. ஒன்றுகூட அதில் தங்கவில்லை. லென்ஸ் தப்பியது, படங்கள் தப்பவில்லை. விறாந்தையில் வந்து இருந்தவர்களுக்கு அந்த லென்ஸால் ஒரு பிரயோசனமும் இருக்கவில்லை.

அப்படியென்றால் நான் ஏன் அதைப் பாவிக்கிறேன்? எனக்குப் பதினாறு, பதினேழு வயதில் ஸ்டூடியோவில் வாப்பாவுக்கு ஒத்தாசையாக நின்றிருக்கிறேன். படம் எடுப்பவர் இருக்கிற முக்காலி, தரையில் அடித்த ஆணிகளுக்கு நடுவில் அசையாமல் இருக்கும். வாப்பா நிற்குமிடத்தில் ஒரு வெள்ளைக்கோடு. இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் வருடக்கணக்காக மாறியதில்லை. அப்படியிருந்தும் ஒவ்வோர் ஆளுக்கும் போகஸ் வளையத்தை இங்கிட்டும் அங்கிட்டும் திருப்பிக்கொண்டே இருப்பார். “கொஞ்சம் பொறுங்க, கொஞ்சம் பொறுங்க” என்பார். தூரம் மாறவில்லையே, ஏன் வாப்பா திருப்புகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். “கெமராவுக்கில்ல மனே, அவங்களுக்கு” என்றார்.

அதன் பொருள் இந்த டிஜிட்டல் காலத்தில்தான் எனக்கு முழுதாக விளங்கியது. கெமராவைத் தூக்கியதும் யாரும் ஒரு முகத்தைத் தயார்படுத்திக்கொள்வார்கள். படத்துக்கென்று வைத்திருக்கிற முகம். தானாகப் போகஸ் செய்கிற லென்ஸ் ஒரு நொடிக்குள் அந்த முகத்தைப் பிடித்துவிடும். கையால் திருப்புகிற லென்ஸுக்கு ஏழெட்டுச் செக்கன் வேண்டும். அவ்வளவு நேரத்துக்கு அந்தச் சிரிப்பைத் தாங்கிப் பிடிக்க யாராலும் முடியாது. தோள் இறங்கும். வாய் தளரும். இவன் வளையத்தோடு மாரடிக்கிறான், எடுக்க நேரமாகும் என்று நினைத்து மனம் வேறு எங்கோ போகும். அப்போது சொந்த முகம் வரும். புதிய லென்ஸிலும் பொறுத்திருந்து எடுக்கலாம்தான். ஆனால் காரணமில்லாமல் காத்திருக்கிற கெமராவுக்கு முன்னால் மனிதர்கள் கூச்சப்படுகிறார்கள். பழைய லென்ஸ் அந்தத் தாமதத்துக்கு ஒரு நியாயத்தைக் கொடுக்கிறது.

இந்த ஏழெட்டு வருடத்தில் எங்கள் பகுதியின் மூத்தம்மாமார், மூத்தாப்பாமார் பலரை இப்படி எடுத்திருக்கிறேன். சம்மதித்தவர்களை மட்டும். முகம் காட்ட விருப்பமில்லையென்று சொன்ன பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கையை மட்டும் எடுக்கச் சொன்னார். பாய் இழைத்து இழைத்துக் காய்த்த கை. எடுத்துக் கொடுத்தேன். எதை எடுத்தாலும் அந்தக் கிழமையே கல்முனைக்குப் போய்க் கடதாசியில் அச்சடித்து இரண்டு பிரதி கொடுத்துவிடுவேன். ஒன்று வீட்டில் வைக்க. மற்றதைக் கடலுக்குத் தூரமான ஊரில் இருக்கிற பிள்ளைக்கோ சகோதரிக்கோ அனுப்பச் சொல்வேன். ஏன் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை.

உம்மா மட்டும் நெடுநாள் சம்மதிக்கவில்லை. ஊரையே எடுத்த மனிதரின் மனைவிக்கு இருந்தது ஒரேயொரு படம். 1979இல் அடையாள அட்டைக்காக வாப்பா எடுத்தது, முத்திரையளவு. “இனி என்னத்துக்கு மனே, கிழட்டு மூஞ்ச” என்று தட்டிக்கழித்துக்கொண்டே வந்தார். சென்ற வருடம் மழைக்கு முந்திய ஒரு அஸர் நேரம், கிணற்றடியில் கதிரை போட்டு இருந்தவர், “எடுக்கிறதெண்டா எடு” என்றார்.

வெளிச்சம் வேலிக்கு மேலால் சரிந்து வந்துகொண்டிருந்தது. 2.8இல் வைத்தேன். உம்மா முக்காட்டை இரண்டு தடவை இழுத்துச் சரிசெய்தார். எங்கே பார்ப்பது என்று கேட்டார். லென்ஸைப் பாருங்கள் என்றேன். வளையத்தைத் திருப்பினேன். இமைமயிர் தெளிந்தது. தெளிந்த பிறகும் ஒருமுறை அப்பால் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தேன். “இவருக்கும் இப்படித்தான் நேரமெடுக்கும்” என்று உம்மா தனக்குள் சொன்னார். அதைச் சொல்லி முடிந்த கையோடு பொத்தானை அமர்த்தினேன்.

இந்தக் கட்டுரையோடு படத்தையும் அனுப்பும்படி ஆசிரியர் கேட்டிருந்தார். உம்மா படத்துக்கு இருக்கும்போதே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: “பேப்பர்ல கீப்பர்ல போட்டுராத.” ஆகவே அனுப்பவில்லை. ஒரு பிரதி பொலன்னறுவையில் இருக்கிற ராத்தாவிடம் இருக்கிறது. மற்றதை உம்மா தன்னுடைய பேர்சுக்குள், அடையாள அட்டையோடு சேர்த்து வைத்திருக்கிறார்.